இரண்டு சஹன் பிள்ளைகள்

பிற்பகல் இரண்டு மணி. நாவிதன்வெளிக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே போகும் கிறவல் றோட்டு. வேளாண்மை வெட்டி முடிந்த வயல். ஆள் இல்லை... மாடு இல்லை... புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வேன் மட்டும்.

சிரிக்காதீர்கள். பேய்க் கதை என்றால் அமாவாசையும் நரியின் ஊளையும் வேண்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு இது சரிவராது. லாம்பைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். இது பட்டப்பகலில் தொடங்கியது, அதுவும் பிள்ளைகள் ஊஞ்சலாடும் பூங்காவில். எண்பத்திரண்டாம் ஆண்டு, பங்குனி மாதம். நம்முடைய அப்துல் ஸமட்டின் மச்சான் ஸலாஹுதீனுக்கு நடந்தது.

ஸலாஹுதீன் நாலு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு இரண்டு மாத லீவில் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியை அவர் தொழுகைக்கு முகம் கழுவி உளூச் செய்யும்போது மட்டும்தான் கழற்றினார் என்று பள்ளிவாசலில் பேச்சு. தோளில் தகரப் பெட்டி அளவுக்கு ஒரு கசற் றேடியோ. ஆள் வருவதற்கு முன்பே அத்தர் மணம் வந்து கதவைத் தட்டும். ஊர்த் தேத்தண்ணியைக் குடித்தால் 'ஹும்'. ஊர் றோட்டைப் பார்த்தால் 'ஹும்'. சலாம் சொல்லும் மனிதரைப் பார்த்தாலும் அதே 'ஹும்'. சவூதியில் இந்த மனுசன் வெயிலில் சீமெந்துச் சட்டி தூக்கியவர். அது அப்துல் ஸமட்டுக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் நின்று மணல் அள்ளியவர் அவர்தானே.

ஆனால் அந்த 'ஹும்' ஒரேயொரு ஆளிடம் பலிக்கவில்லை. மகள் றமீஸா. இரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. பேசும் பொம்மையை நீட்டினால் வாங்கிக்கொள்வாள், வாங்கிக்கொண்டு உம்மாவின் பின்னால் போய் நிற்பாள். இது யார் என்று கேட்டால், தயங்காமல் "மாமா" என்பாள். வீடே சிரிக்கும். ஸலாஹுதீனும் சிரிப்பார், இரவில் நித்திரை வராமல் புரளுவார். வந்து ஒரு மாதம் ஆகியும் "வாப்பா" என்ற ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதையும் செய்திருப்பார்.

செய்தார். குடும்பத்துப் பிள்ளைகளையெல்லாம் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினார்.

பூங்கா என்பது ஆலையடிக் குளத்து அணைக்கட்டில் புதிதாகத் திறந்திருந்தார்களே, அதுதான். 'குடும்பத்துடன் வந்து மகிழ்வீர்' என்று போர்ட். உள்ளே இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒற்றைக் கொம்போடு ஒரு சீமெந்து மான். 'பூக்களைப் பறிக்காதீர்' என்று இன்னொரு போர்ட், பறிப்பதற்கு ஒரு பூ கிடையாது. இதைத் திறந்துவைக்க மேளம், மாலை, இரண்டு மணி நேரப் பேச்சு.

அன்றைக்குப் பெரியப்பா வீட்டில் கத்தம் ஓதிச் சோறு கொடுக்கும் நாள். பெண்கள் எல்லாரும் காலையிலிருந்து அங்கே அடுப்படியில். ஸலாஹுதீனின் பெண்சாதி அஸீஸா மறித்துப் பார்த்தாள்.

"இஞ்சப் பாருங்க, பன்னிரண்டு புள்ளயள். தனிய எப்பிடிப் பாப்பீங்க? வெள்ளிக்கிழம நாங்களும் வாறமே."

"புள்ள பாக்கிறது இதென்னகா பெரிய வேல? நாங்க அங்க முன்னூறு பேரக் கட்டி மேய்க்கிறம்," என்றார் ஸலாஹுதீன்.

முன்னூறு பேரை மேய்த்தாராம்! அஸீஸா ஒரு சட்டி நெய்ச்சோறும் இறைச்சிக் கறியும் இரண்டு சஹன் தட்டும் கொடுத்துவிட்டாள். கல்முனை பெனடிக்கின் வேன் வந்து நின்றது.

பன்னிரண்டு பேரில் ஏழு பெண் பிள்ளைகள். ஸலாஹுதீன் கொண்டுவந்த நீலப் பூச்சீத்தைத் துணி ஒன்றிலேயே ஏழு பேருக்கும் சட்டை தைத்திருந்தது. முதுகைப் பார்த்தால் எது எவருடைய பிள்ளை என்று பெற்றவளுக்கே குழப்பம் வரும். பாதிப் பிள்ளைகள் இவர் போன பிறகு நடக்கப் பழகியவை. பெயரே தெரியாது. தெரியாது என்று யாரிடமும் கேட்கவும் மாட்டார், மரியாதை என்னாவது?

பூங்கா வாசலில் காவல்காரர் இளையதம்பி நின்றார். மெலிந்த மனிதர், கையில் ஒரு தடி.

"தம்பி, ஆறு மணிக்கு முன்னம் வெளிக்கிடுங்க. ஏத்தக்குள்ள ஒவ்வொரு புள்ளயாப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏத்துங்க. தலைய எண்ணி ஏத்தாதீங்க."

"ஏன் அண்ண?"

"இஞ்ச எண்ணினா எண்ணிக்க சரியாத்தான் வரும்."

ஸலாஹுதீனுக்குச் சிரிப்பு வந்தது. எண்ணிக்கை சரியாக வந்தால் அதில் என்ன பிழை? ஊர் ஊர்தான், திருந்தவே திருந்தாது. பெயர் தெரியாத வெட்கத்தை இந்தச் சிரிப்பில் மூடிக்கொண்டு சொன்னார்: "எனக்குப் பேரும் தேவல்ல, தலயும் தேவல்ல அண்ண. ரெண்டு சஹன் புள்ளயள். ரெண்டு சஹனும் நிரம்பினாச் சரி."

நம் ஆட்கள் கல்யாண வீட்டிலும் கத்தத்திலும் அப்படித்தானே கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தால் ஒரு சஹன். முப்பது சஹன் ஆட்கள் வந்தார்கள், நாற்பது சஹன் வந்தார்கள் என்றுதான் சொல்வோம். எவர் வந்தார், எவர் வரவில்லை என்று முகம் பார்ப்பது யார்?

பிள்ளைகள் நான் முந்தி நீ முந்தி என்று ஊஞ்சலுக்கு அடிபட்டார்கள். ஸலாஹுதீன் சீமெந்து மானின் மேல் ஏறியிருந்து கசற்றைப் போட்டார். றமீஸா தண்ணீர் ஓரத்து ஊஞ்சலில் தனியாக ஆடினாள். வா என்று கைகாட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் வலித்தது.

ஐந்து மணிக்குப் பாயை விரித்துச் சோற்றைச் சஹனில் கொட்டினார். கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஓடிவந்து உட்கார்ந்தார்கள். இங்கே ஆறு, அங்கே ஆறு. இரண்டு சஹனும் நிரம்பிவிட்டன. தண்ணீர் ஓரத்து ஊஞ்சல் மட்டும் ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது... க்றீச்... க்றீச்... காற்று என்று நினைத்தார். காற்று இருக்கவில்லை.

இரண்டாவது சஹனிலிருந்து ஒரு பையன் கையை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

"என்னடா?"

"சோறு குளிருது."

"கொழுப்பு உங்களுக்கு. இரிடா, திண்டா!" என்று அதட்டினார். சட்டியில் மிச்சமிருந்த சோற்றில் அப்போதும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். பிள்ளைகள் வேனுக்குள் ஏறினார்கள். ஸலாஹுதீன் எட்டிப் பார்த்தார். முன் வாங்கு இருக்கையில் ஆறு பேர். பின் வாங்கில் ஐந்து பேர். ஒன்று குறைகிறதே என்று பூங்காப் பக்கம் திரும்பினார்.

அப்போது யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கீழே பார்த்தார். நீலப் பூச்சட்டை. ஈரத் தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடக்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"வாப்பா..."

அந்த மனுசனின் கண் கலங்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அள்ளித் தூக்கினார். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தாரா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். என்ன கேள்வி இது? "வாப்பா" என்று கேட்டபிறகு அந்த ஆளுக்கு முகம் எதற்கு?

வேன் புறப்பட்டது. வயல் இருண்டுகொண்டு வந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிற வேனில் ஒரு சத்தம் இல்லை, அதையாவது அவர் கவனித்திருக்கலாம். பாசி மணம் வந்தது... குளத்தின் அடியில் கிடக்குமே, அந்தச் சேற்றுப் பாசி. மடியில் தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்...

"காக்கா... யன்னல் கண்ணாடியப் பூட்டட்டா? குளிருது," என்றார் பெனடிக். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஸலாஹுதீன் காதில் வாங்கவில்லை. ஈரத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணீருக்கு மேலாகப் போகும் கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டும்போது மடியிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"வாப்பா... நாளைக்கும் எனக்குச் சஹன்ல எடம் வெப்பீங்களா?"

"வெப்பன் மகள். ஒவ்வொரு நாளும் வெப்பன்."

"எங்க போனாலும்?"

"எங்க போனாலும்."

அவர் வாழ்க்கையில் அதைப்போல ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. அதை அவரே சொல்லியிருக்கிறார்.

கத்தம் நடந்த வீட்டு வாசலில் வேன் நின்றது. பெண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கினாள். எல்லாரும் இறங்கிய பிறகு அஸீஸா மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

"றமீஸா எங்க?"

"இந்தா... மடியில நித்திர," என்று குனிந்தார் ஸலாஹுதீன்.

மடி நனைந்திருந்தது. முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பெனடிக் அப்போதுதான் வாயைத் திறந்தார். "காக்கா, மன்னிச்சிக்கங்க. நீங்க ஏறக்குள்ளேயே மடியில ஆருமில்ல. வழி நீளத்துக்கும் வெறும் காத்தத் தடவித் தடவிக் கதைச்சிக்கிட்டு வந்தீங்க... எனக்கு என்ன சொல்றதெண்டே தெரியல்ல."

அஸீஸா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

திரும்பப் போய்ச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. இளையதம்பி ரோர்ச் லைட்டோடு வாசலிலேயே நின்றார். ஒரு சொல் குத்திப் பேசவில்லை. அதுவே ஸலாஹுதீனுக்குச் செருப்படி மாதிரி இருந்தது. வெளிச்சத்தைக் குளத்துப் பக்கம் திருப்பினார்.

சீமெந்து மானுக்குப் பக்கத்தில் றமீஸா இருந்தாள். அழவில்லை. உடுப்பில் ஒரு துளி ஈரம் இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு தாமரை இலை. இலையில் ஒரு பிடி நெய்ச்சோறு. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அஸீஸா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "ஆருகா உனக்குச் சோறு தந்த?"

"வாப்பா கையால தீத்தினார்," என்றாள் பிள்ளை. இவ்வளவு நாளும் வராத சொல் வந்துவிட்டது. ஸலாஹுதீன் பாய்ந்து கையை நீட்டினார். "ஓம் மகள், வாப்பா வந்திட்டன்..."

றமீஸா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மாமா," என்றாள். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பி, யாரையோ வழியனுப்புவது போலக் கையை ஆட்டினாள்.

அதற்கு ஊரில் நூறு விளக்கம். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அந்தக் குளத்தில் ஒரு வாப்பாவும் மகளும் போனார்களாம் என்றார் ஒருவர். ஜின் என்றார் இன்னொருவர். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். எல்லாம் வாய்க்கு வந்த கதை. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஸலாஹுதீன் லீவு முடிய முன்னமே சவூதிக்குப் போய்விட்டார். அஸீஸா குரல் பதிந்து அனுப்பிய கசற்றில் றமீஸாவும் பேசியிருந்தாள்: "மாமாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்." அதை ஒரு தரம் கேட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

இவ்வளவையும் சொன்னது அப்துல் ஸமட். சவூதியில் இருவரும் ஒரே வேலையாள் முகாம். ராவைக்கு ஒரே சஹனில் சாப்பாடு. அந்தச் சஹனில் ஐந்து பேர்தான் உட்காருகிறார்கள். ஆறாவது இடத்தில் ஸலாஹுதீன் யாரையும் இருக்க விடமாட்டார். போன புதிதில் ஒரு பெடியன் தெரியாமல் உட்காரப் போய், அடிதடியே வந்துவிட்டதாம். சாப்பிடும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறாராம். விசர் பிடித்த மனுசன் என்று முகாமில் எல்லாரும் பழித்தார்கள், அப்துல் ஸமட் உட்பட.

இப்போது அப்துல் ஸமட் பழிப்பதில்லை. சஹனைக் கழுவும் வேலை அவருடையது. ஐந்து பேர் தின்ற சஹனில் ஆறு பக்கமும் சோறு குறைந்திருக்கிறது... ஆறாவது பக்கத்தில் சின்ன விரல்கள் வழித்த தடம். தொட்டால் சில்லென்று இருக்குமாம்.