துணைக்கு வந்தவர்கள்

மலையைக் குடைந்து குடைந்து மூச்சைத் தொலைத்தும் பேச்சைத் தொலைக்காத நம் கூட்டத் தலைவர், பெரியவர் எல்பர்ட் நேப்பியர் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைக்குரிய கூடத்தை ஒரு வியாழக்கிழமை மாலைக்குத் திறந்துவிட்ட போதகர் அவர்களே! மேட்டிலிருந்து இறங்கிவந்து, ஹிக்கரி பெண்ட் பள்ளத்தின் சேற்றில் தம் பளபளக்கும் காலணியை நனைத்துக்கொண்ட மாவட்டக் குழு உறுப்பினர் திரு. ட்ரென்ட் ஹாலிஃபீல்ட் அவர்களே! சோளரொட்டியைச் சூடு ஆறாமல் துணியில் சுற்றிவந்து அந்த நீள மேசையில் பரப்பிவிட்டு, "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்று ஒருவரை ஒருவர் பட்டினி போட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சுரங்கம் மூடிய பிறகும் சுரங்கத்துத் தொப்பியைக் கழற்ற மனம் வராத பெரியோர்களே! பேச்சு சலித்தால் ஓடிவிட வசதியாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! ஊர் நூலகத்தில் உங்களுக்குப் புத்தகம் எடுத்துத் தரும் லெனோரா கின்கெய்டின் வணக்கம்.

இன்று நான் பேசுவதாக இல்லை. பேசுகிறவர்களை விடப் படிக்கிறவர்களின் பக்கத்தில் இருப்பதுதான் எனக்குப் பழக்கம். ஆனால் சற்று முன் இந்த மேடையில் திரு. ஹாலிஃபீல்ட் மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார். "இலவசப் பல் மருத்துவ வண்டி சனிக்கிழமை மறுபடி வரணும்னா, மாவட்டம் இடமும் மின்சாரமும் தரணும். அதுக்கு, இங்க ஏழைங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியணும். தேவைப்படுறவங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவரும் எழவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். ஏழை எங்கே, ஏழை எங்கே என்று கூடம் முழுக்கத் தேடினீர்கள். சிலர் நாற்காலிக்குக் கீழேயும் குனிந்து பார்த்தீர்கள். அத்தனை அக்கறை! அத்தனை இரக்கம்! கடைசியில், "பாவம், யாரும் வரலை போலிருக்கு" என்று ஒரு பெருமூச்சு வேறு!

சிரிக்கிறீர்கள். சிரிக்கும்போது இந்த ஊரே ஒரு கையைத் தூக்கி வாயை மூடிக்கொள்கிறது. அதனால்தான் நம் ஊரில் நல்ல நகைச்சுவைக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. தட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை எப்போதும் வாயில் இருக்கிறது.

மூன்றாம் வரிசையில் டெல்ஃபீன் ரக்கர் உட்கார்ந்திருக்கிறார். டெல்ஃபீன், உங்கள் கதையைச் சொல்லட்டுமா?

"சொல்லு, சொல்லு. என் வயச மட்டும் சொல்லித் தொலைக்காத!"

சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலை விடுதியில் டெல்ஃபீன் துணி வெளுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே முன்மேசையில் ஒரு வேலை காலியானது. வருகிறவர்களை வரவேற்று, சாவி கொடுத்து அனுப்பும் வேலை. ஊரில் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பது முதல் எந்தச் சாலையில் எப்போது வெள்ளம் வரும் என்பது வரை அறிந்த டெல்ஃபீனைவிட அதற்கு யார் பொருத்தம்? மேலாளரும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இதையும் சொன்னார்: "எல்லாம் சரிதான் டெல்ஃபீன். ஆனா முன்மேசைன்னா சிரிச்ச முகம் வேணுமே."

டெல்ஃபீனுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை.

அந்த வேலையோடு பல் காப்பீடும் வருகிறது. வேலை கிடைத்தால் பல் கட்டலாம். பல் கட்டினால்தான் வேலை கிடைக்கும். பல்லுக்கு வேலை வேண்டும், வேலைக்குப் பல் வேண்டும்! இந்த வட்டத்தை எந்த மேதை வரைந்தார்? வரைந்தவருக்கு முப்பத்திரண்டும் முழுசாக இருந்திருக்கும்.

வசந்தத்தின் தொடக்கத்தில் அந்த வண்டி வந்த கதைக்கு வருகிறேன். பொருட்காட்சித் திடலில் வந்து நின்றது. வெள்ளை வண்டி. அதன் மேல் நீலத்தில் ஒரு பலகை: "ஏழை எளியோருக்கு இலவசப் பல் சிகிச்சை". செய்தி பள்ளம் முழுக்கப் பரவியது. மறுநாளே நீங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போனீர்கள். எதற்கு? வாயைக் காட்டவா? இல்லை. சாப்பாடு நிறைந்த தட்டை நீட்ட! அவரைச்சாறு போனது, சோளரொட்டி போனது, ஊறுகாய் போனது. "ஏழைங்க வந்தா பசியோட இருப்பாங்களே" என்று டெல்ஃபீன் ஆப்பிள் அடுக்குக் கேக் கொண்டு போனார். வண்டியில் இருந்த டாக்டர் இமோஜென் சேயர் அதை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அம்மா, வந்தது வந்தீங்க. உங்க பல்லக் கொஞ்சம் காட்டுங்களேன்?"

"ஐயோ, எனக்கு எதுக்குங்க! நிஜமா இல்லாதவங்க வருவாங்க, அவங்களுக்குப் பாருங்க."

சொன்னது வாயைக் கையால் மூடிக்கொண்டு.

முதல் சில நாள்கள் இப்படியே போயின. ஒரு பல் கூடப் பிடுங்கப்படவில்லை. மருத்துவருக்குத்தான் எடை கூடியது. அந்த நாள்களில்தான் திரு. ஹாலிஃபீல்ட் அங்கே வந்து பார்த்தார். நோயாளிகளைத் தேடியவர் பார்த்ததெல்லாம் கொடையாளிகளை. "இவ்வளவு சாப்பாடு கொடுக்குற ஊர்ல ஏது ஏழை?" என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். கண்ணால் கண்டதை நம்பினார், அவ்வளவுதான்.

நான் கேட்கிறேன், நாம் யார்? கூரை ஒழுகினாலும் நடுத்தரம். கார் சக்கரம் இல்லாமல் மரக்கட்டையின் மேல் நின்றாலும் நடுத்தரம். மாத்திரையை இரண்டாக உடைத்து ஒரு நாளை இரண்டு நாளாக்கினாலும் நாம் நடுத்தரம்! ஏழை எங்கே என்றால் அடுத்த பள்ளத்தைக் காட்டுகிறோம். அடுத்த பள்ளத்தில் போய்க் கேட்டால் நம்மைக் காட்டுகிறார்கள்.

மேட்டில் இருப்பவர்கள், "சோடா குடிச்சே பல்லக் கெடுத்துக்கிட்டாங்க" என்கிறார்கள். குடித்தோம், இல்லை என்று சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் வந்தபோது, கடையில் தண்ணீரைவிடச் சோடா மலிவாக இருந்தபோது, எதைக் குடிப்பது? கிணறு ஏன் நிறம் மாறியது? மலையை யார் பிளந்தார்கள்? பிளந்தது நம் கை. பிளக்கச் சொன்னது வேறு வாய். நிலக்கரி இங்கிருந்து போனது. அதன் லாபம் மேட்டில் மாளிகையாக எழுந்தது. அதன் தூசி நம் தலைவரின் நெஞ்சில் தங்கியது. ஒரே மலைதான், ஒரே கரிதான்! மேட்டுப் பிள்ளைகளின் பல்லுக்கு வெள்ளிக் கம்பி. பள்ளத்துப் பிள்ளைகளின் பல்லுக்கு அப்பாவின் குறடு. சுரங்கம் மூடியது, சம்பளம் போனது. சம்பளம் போனது, காப்பீடு போனது. பேருந்தும் நின்றது, பல் மருத்துவரோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். இருக்கிற காப்பீட்டிலும் ஒரு விந்தை: கண்ணும் காதும் நெஞ்சும் வயிறும் ஏதோ ஒரு வகையில் உடம்பில் சேர்த்தி, பல் மட்டும் ஆடம்பரம்! வாய்க்குள் பிறந்து, வாய்க்குள் வளர்ந்து, கடைசிவரை உடம்பின் உறுப்பினர் ஆகாமலே போகிறது, பாவம்!

பள்ளத்தில் பிறந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தோம். கடிப்பதற்கும் பல் இல்லாமல் நிற்கிறோம். நின்றும் கேட்டோமா? கேட்கவில்லை. அது நம் மானம். அந்த மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்காதவருக்குத் தேவையே இல்லை என்று எழுதிக்கொள்வது யாருக்கு வசதி? யோசியுங்கள். நம் மானத்தால் மிச்சமாவது யாருடைய செலவு?

சரி, கதைக்கு வருகிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

டெல்ஃபீனின் அடுத்த வீட்டுக்காரர் வெண்டல் சைஸ்மோர். அவருடைய தாடை ஒரு பக்கம் ஆப்பிளை ஒளித்துவைத்தது போல் வீங்கியிருந்தது. கேட்டால், "தேனீ கொட்டிருச்சு" என்றார். வெளியே பனி இன்னும் உருகவில்லை. அந்தத் தேனீ எந்தப் போர்வைக்குள்ளிருந்து வந்ததோ! காய்ச்சலில் அவர் கண் சிவந்திருந்ததைப் பார்த்த டெல்ஃபீன், நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

"வெண்டல், வண்டிய எடு. பல் டாக்டர்கிட்ட போகணும். தனியா போகப் பயமா இருக்கு, துணைக்கு வா."

"உனக்கா பயம்? விளக்குமாத்தால கரடிய விரட்டினவளாச்சே நீ!"

"அது கரடிய்யா. இது டாக்டர்."

வெண்டல் கிளம்பினார். தனக்கென்றால் நகர மாட்டார். அடுத்தவருக்கு என்றால் அடுப்பை அணைக்காமலே ஓடுவார். அங்கே போய் இருவரும் வாசலில் நின்று ஒரே குரலில் சொன்னார்கள்: "நான் இவங்களுக்குத் துணைக்கு வந்தேன்!"

மருத்துவர் ஒருவர் முகத்தைப் பார்த்தார், மற்றவர் முகத்தைப் பார்த்தார். கெட்டிக்காரர். "ரொம்ப நல்லது. துணைக்கு வந்தவங்க முதல்ல உட்காருங்க. பார்த்தா மத்தவங்களுக்குப் பயம் தெளியும்."

வெண்டல் வீரத்தோடு உட்கார்ந்தார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா சீழ் ரத்தத்துல கலந்திருக்கும், ஆளே இருந்திருக்க மாட்டார்" என்றார் மருத்துவர். அடுத்து டெல்ஃபீன் உட்கார்ந்தார். உடைந்த வேர்களை எடுத்து, புதுப் பல் கட்ட அச்சும் எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் திடலைப் பார்க்க வேண்டுமே! இரண்டு இரண்டு பேராக வரிசை! கணவனுக்குத் துணையாக மனைவி, மனைவிக்குத் துணையாகக் கணவன். ஆஸி டெரில் துணைக்கு ஆள் கிடைக்காமல் தன் நாயைக் கூட்டிவந்தார். நாய்க்குப் பற்கள் நன்றாகவே இருந்தன. ஆஸி, பதிலுக்கு நீங்கள் குரைக்காதீர்கள்!

வண்டி போன பிறகு திரு. ஹாலிஃபீல்ட் வீடு வீடாகக் கேட்டார், "நீங்க சிகிச்சைக்குப் போனீங்களா?" என்று. ஒவ்வொருவரும் ஒரே பதில்தான் சொன்னீர்கள்: "இல்லீங்க, சும்மா துணைக்குப் போனேன்." ஆகவே ஐயா, உங்கள் கணக்குப்படி இந்த ஊரில் நோயாளியே இல்லை, துணைக்கு வந்தவர்கள் மட்டும் ஊர் நிறைய!

இதோ முடிக்கிறேன். டெல்ஃபீனின் பற்கள் செய்து முடித்துத் தயாராக இருக்கின்றன. நகரத்தில் ஒரு டப்பாவுக்குள் இருந்தபடி யாரைப் பார்த்தோ சிரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சனிக்கிழமை அந்த வண்டி கொண்டுவந்து பொருத்த வேண்டும். திங்கட்கிழமை மேலாளர் டெல்ஃபீனை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வண்டி வராவிட்டால் அந்த முன்மேசையில் வேறொரு சிரிப்பு உட்காரும். இன்று நாம் பேசுவது இதைத்தான்.

நம் திருமணங்களில் ஒருவர் வீட்டிலிருந்தும் முழு கேக் வருவதில்லை. வீட்டுக்கு ஓர் அடுக்கு. அடுக்கின் மேல் அடுக்கு வைத்தால் கேக். எந்த அடுக்கு எந்த வீட்டுடையது என்று எவரும் கேட்பதில்லை. எவரும் தலைகுனிவதில்லை. அப்படி வாழ்ந்த ஊரிடம் "ஏழைகள் எழுந்து நில்லுங்கள்" என்றால் யார் எழுவார்? ஐயா, உங்கள் கேள்வியை நான் திருத்திக் கேட்கிறேன், மன்னியுங்கள்.

இந்தக் கூடத்தில், உங்களுக்கு வேண்டியவர் யாருக்காவது பல் வலி இருக்கிறது, அவரைத் தனியே விட உங்களுக்கு மனமில்லை என்றால், அவருக்குத் துணையாக எழுந்து நில்லுங்கள்!

அதோ டெல்ஃபீன்! யாருக்குத் துணை?

"இந்த வெண்டலுக்குத்தான். இன்னும் ரெண்டு பல் ஆடுது, சொல்ல மாட்டேங்குறான்!"

வெண்டல், நீங்கள்?

"இவளுக்குத்தான். வேற எதுக்கு?"

ஆஸியும் எழுந்துவிட்டார். வலது வரிசை. இடது வரிசை. கதவோரத்து இளைஞர்களே, ஓடத்தான் எழுந்தீர்கள் என்று நினைத்தேன், நிற்கிறீர்கள்! திரு. ஹாலிஃபீல்ட், எண்ண வேண்டாம் ஐயா. உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவது சுலபம்: தலைவர் ஒருவர்தான்.

"தலைவருக்குத் துணையா நான் நிக்கிறேன்! ரெண்டு மாசமா மசிச்ச உருளைக்கிழங்குதான் சாப்பிடுறாரு!"

நன்றி ஆஸி. ஆ, தலைவரும் எழுகிறார்! எதற்கு ஐயா எழுந்தீர்கள்?

"மைக்க சரி பண்ண."

ஒலிபெருக்கி நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. நில்லுங்கள், நானும் உங்களுக்குத் துணை.

திரு. ஹாலிஃபீல்ட் மேடையிலிருந்து இறங்கிப் போய் டெல்ஃபீனிடம் ஏதோ கேட்கிறார். உரக்கக் கேளுங்கள் ஐயா, ஊருக்குக் கேட்கட்டும்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குங்க மின்சாரம் வேணும்?"

டெல்ஃபீன் சிரிக்கிறார். கை மேலே போகிறது. வேண்டாம் டெல்ஃபீன், கையை இறக்குங்கள். எல்லோரும் இறக்குங்கள். அந்தக் கை இப்போது தட்டுவதற்கு வேண்டும்.

கேட்டீர்களா? இரண்டு கையாலும் தட்டினால் இந்தக் கூடம் இப்படித்தான் அதிரும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், நாற்காலியை விட்டு எழுந்த தலைவருக்கும், கேள்வியை மாற்றிக்கொண்ட உறுப்பினருக்கும் நன்றி. சோளரொட்டி ஆறுகிறது. எல்லோரும் பல்லோடு பல்லாண்டு வாழ்க! வணக்கம்.