அந்தோணி வாங்கிய நன்மை

விசில் சத்தம். நீளமாக வருகிறது. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. வெடிக்கிறது. வாயெல்லாம் மண். 1971 டிசம்பர். மேற்கு எல்லை. காலை ஏழு மணி இருக்கும். கரும்புக்கொல்லை ஓரம் ஒரு பதுங்குகுழி. குழியில் நானும் அந்தோணியும்.

"லே சவரி, குனில! தலையக் குனி!"

கத்தியது அவன். குனிந்தது நான். அடுத்த குண்டு விசில்கூட அடிக்கவில்லை. என் இடது கையில் இரண்டு விரல் போனது அப்போது தெரியவில்லை. அந்தோணியின் கிழிந்த வயிறுதான் தெரிந்தது.

இருவரும் பள்ளிவாசல் என்கிற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவர்கள். அடுத்தடுத்த வீடு. ஒரே நாளில் புதுநன்மை வாங்கினோம். அப்பமாக வரும் ஆண்டவரை முதல்முறை நாக்கில் வாங்கிய நாள். அதற்கு முன் உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லித் தந்தார். கையால் தொடக்கூடாது. பல்லில் படக்கூடாது. நாக்கிலேயே கரைய வேண்டும். கடித்தால் ஆண்டவரையே கடித்த மாதிரி. ஒரு வாரம் பயந்து செத்தோம்.

அந்தோணி தண்ணீர் கேட்கவில்லை. "சாமியக் கூட்டியாலே. எனக்கு நன்மை வேணும்" என்றான். எந்தச் சாமியார்? எங்கே போய்க் கூப்பிட? குழிக்கு வெளியே தலை தூக்க முடியாது. அவன் விடவில்லை. மறுபடியும் கேட்கிறான். மறுபடியும். எனக்கு அழுகை வருகிறது. அவன்மேல் கோபமும் வருகிறது. பையில் பட்டாளத்து பிஸ்கட் இருந்தது. ஒரு துண்டு உடைத்தேன். "சாமி குடுத்தனுப்பிருக்காரு. வாயத் தொற" என்றேன். பூசையில் சாமியார் சொல்கிற மாதிரியே கிறிஸ்துவின் திருவுடல் என்றும் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

"ஆமென்" என்றான். நாக்கை நீட்டினான்.

அந்த பிஸ்கட் கல். டீயில் ஊறினால்கூட லேசில் இளகாது. அந்தோணி கடிக்கவில்லை. கரையட்டும் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தான். கடித்து விழுங்கடா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் பொய் உடைந்துவிடும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குண்டுச் சத்தம் நின்றபோது அவன் மூச்சும் நின்றிருந்தது. துண்டு நாக்கில் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் அம்மா லூர்தம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். நன்மை வாங்கித்தான் போனான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் பெரியம்மா. ஆறுதலுக்கு எழுதிய வரி. அதற்கு மேல் யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

தவக்காலத்தில் ஊர் வந்தேன். லயமே மாறியிருந்தது. கொழுந்தை நிறுத்துப் போட்டதும் பெண்கள் நேரே கோயிலுக்குப் போகிறார்கள். நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழங்கால் போடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை நன்மை வாங்குகிற ஆட்கள்கூட ஞாயிறுதோறும் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் லூர்தம்மாள். சாம்பல் புதனிலிருந்து ஒருசந்தி. ஒரு வேளைக் கஞ்சி.

"அம்புட்டு குண்டுக்கு நடுவுல எம்புள்ளயத் தேடிப் போயிருக்காரு ஆண்டவரு. அவரத் தேடி நான் நாலு எட்டு நடக்கக் கூடாதா?"

நான் கோயிலில் கடைசியில், தூணுக்குப் பின்னால். நன்மைக்கு எழுந்திருக்கவில்லை. காயத்துக்கு மாத்திரை தின்றிருப்பான், வெறும் வயிற்றில்தானே நன்மை வாங்கணும், அதனால்தான் என்று எனக்காக அவளே எல்லோரிடமும் சாக்குச் சொன்னாள். அதைக் கேட்டுச் செத்துவிடலாம் போல இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பிஸ்கட் கதையைச் சொன்னேன்.  அவர் பாவமன்னிப்பு கொடுத்தார். "அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுப்பா. அதுதான் ஒனக்குப் பரிகாரம்." அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

நாலு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்தது. வாய் வரவில்லை. பெரிய வியாழன் மதியம் மூன்று மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட்டையும் சொன்னேன். அவள் அழவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஆமென்னு சொன்னானா?"

"சொன்னான் பெரியம்மா."

"ஒன்னய நம்பித்தான சொல்லிருக்கான்."

அன்று மாலைப் பூசை. ஆண்டவர் தம்மையே அப்பமாகக் கொடுத்த நாள். லயமே எழுந்து நன்மை வாங்கப் பீடத்துக் கிராதிக்குப் போகிறது. லூர்தம்மாள் எழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையிலேயே இருக்கிறாள். உயிர்ப்பு ஞாயிறன்றும் எழவில்லை. அதன் பிறகும் ஒரு பூசை விடாமல் வந்தாள். ஒரு தடவையும் நன்மை வாங்கவில்லை. சாமியார் கேட்டுப் பார்த்தார். "எம்புள்ளைக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்கு சாமி?" என்றாள். ஏழு வருடம் கழித்து அவள் படுக்கையில் விழுந்தபோது அவர் நன்மையோடு வீட்டுக்கே வந்தார். நானும் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

எழுதி வைக்கிறேன். போனது அந்தோணி, வயது இருபத்திரண்டு. போனது என் விரல் இரண்டு. போனது லூர்தம்மாளின் ஏழு வருடத்து நன்மை, கடைசி நன்மை உட்பட. முதல் இரண்டையும் எடுத்தது குண்டு. மூன்றாவதை எடுத்தது நான்.