மே மாதத்தில் பாலைவனம்

எண்ணூரிலிருந்து கல்மண்டபம் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் காலி மீன்கூடை. "கடலே இல்லாத ஊரா ஒண்ணு பாத்து வெச்சுகீறேன்" என்று அவர் சொன்னதும் நான் கைப்பேசியைப் பையில் போட்டேன்.

"எந்த ஊருய்யா அது?"

"ராஜஸ்தான். பாலைவனத்துலயே பெரிய சரணாலயம் கீதாம். மானு, நரி, கானமயில்னு இம்மாம் பெரிய பறவை. மாப்ள கார் ஓட்டுறேன்னுட்டாரு. பொண்ணு, பேரப்புள்ளைங்க, நாம. மே மாசம் கெளம்புறோம்."

"மே மாசத்துல பாலைவனமா? இன்னாய்யா, எங்கள கருவாடு போடவா இட்டுகினு போற?"

"மீன்பிடி தடைக்காலத்துலதான என் படகு கரையில நிக்கும்? வேற எப்போ நான் வர்றது?"

அவள் கூடையை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டாள்.

"தண்ணிக்கு இன்னா பண்ணுவ?"

"படகுல கீற ஐஸ் பொட்டிய எடுத்துக்கலாம்."

"த்தூ! ராஜஸ்தான் வரைக்கும் வஞ்சிரம் நாத்தம் அடிக்கும்."

அவர் குரல் இறங்கியது. "மணல் காத்து வேற அடிக்குமாம். வோணான்னா வுட்டுரலாம்."

"அடிக்கட்டுமே. இங்க காத்து அடிச்சா கரையில நின்னுகினு உன் படகு வருதா, வருதான்னு பாக்குறேன். அங்க எவ்ளோ அடிச்சாலும் நீ என் பக்கத்துலதான குந்திகினு இருப்ப."