டல்சியின் பின்கதவு

ராத்திரி ஒரு மணி இருக்கும். ஹாஸ்ட்ங்கற கடலோர ஊர்லேருந்து வனாகாங்கற ஊருக்குப் போற மலை ரோடு. மழைன்னா சும்மா மழை இல்ல, விடாமக் கொட்டற மேற்குக் கரை மழை. முன்னாலயும் வண்டி இல்ல, பின்னாலயும் வண்டி இல்ல. ரெண்டு பக்கமும் காடு... கீழ எங்கயோ ஆறு இரையுது. அந்த ரோட்டுல, கால்ல செருப்புகூட இல்லாம, தொப்பலா நனைஞ்சு ஒருத்தி ஓடிட்டிருக்கா.

கிட்ட வந்து உக்காருங்க. அந்தக் கட்டையை உள்ள தள்ளு, இளவரசு. கதவு சாத்தியிருக்கில்ல? சரி.

எங்கூட பால் பண்ணையில வேலை பாத்தானே டாரில்... அவனோட அக்காதான் அவ. பேரு ரேவின். இதை டாரில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ வேற யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டா.

ரேவினோட புருஷன் நெவிலுக்குப் பழைய வண்டின்னா பைத்தியம். எவனோ செத்துப்போன ஆளோட கொட்டகையிலேருந்து ஒரு பழைய பெட்ஃபோர்டு லாரியை ஓட்டிட்டு வந்துட்டான். லாரி முதுகுல மரத்தாலயே ஒரு குட்டி வீடு. கட்டில், கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. டல்சின்னு பேரு வேற வெச்சான். அதுல ஒண்ணு... டிரைவர் உக்கார்ற இடத்துக்கும் பின்னால இருக்கற வீட்டுக்கும் நடுவுல வழி கிடையாது. வீட்டுக்கு ஏறணும்னா இறங்கிப்போய்ப் பின்கதவால ஏறணும். அதனால டிரைவர் பக்கத்துல ஒரு மணி வெச்சிருந்தாங்க. உள்ள இருக்கறவங்க கதவு மேல இருக்கற பட்டனை ஒரு தடவை அமுக்கினா, நிறுத்து. ரெண்டு தடவை அமுக்கினா, கிளம்பு.

கிறிஸ்துமஸ் முடிஞ்சு லீவு. மகள் பிப்பாவையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. ஏழு வயசு அதுக்கு. வண்டி மேடு ஏறறப்பெல்லாம் பின்னால டபடபன்னு புகை விடும்.

"அம்மா, டல்சி குசு விடுது!"

"உங்கப்பா வளர்ப்பு. வேற எப்படி இருக்கும்?"

அப்படிச் சிரிச்சுக்கிட்டேதான் ஹாஸ்ட் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. சாயங்காலம் கரை ஒதுங்கின கட்டையைப் பொறுக்கி நெருப்பு மூட்டி, சாசேஜ் சுட்டு, ரொட்டியில சுத்திச் சாப்பிட்டாங்க. கட்டை ஈரம். ஒரே புகை. பிப்பாவுக்குச் சின்னதுலேருந்தே இழுப்பு உண்டு. ஆனா ரொம்ப நாளா வரல... இவங்களும் மறந்துட்டாங்க.

நடுராத்திரி ரேவினுக்கு முழிப்பு வந்தது. என்னமோ சத்தம்... கெண்டி கொதிச்சு விசில் அடிக்கற மாதிரி. ஈஈ... ஈஈ... அடுப்பைப் பாத்தா அணைஞ்சிருக்கு. சத்தம் வர்றது பிப்பா நெஞ்சுலேருந்து.

இன்ஹேலரை எடுத்து அமுக்கினா, காத்துதான் வருது. காலி.

"புதுசு எங்க ரே?"

"வீட்ல... ஃப்ரிட்ஜ் மேல வெச்சேன் நெவ். வெச்சு... எடுக்கல."

நெவில் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட அவளுக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். அந்தப் பக்கம் போனும் எடுக்காது. அவன் பேன்ட்டை மாட்டிக்கிட்டே முன்னால ஓடினான். அவ பிப்பாவோட உள்ளயே உக்காந்தா. வனாகாவுலதான் டாக்டர்; வண்டி அங்க கிளம்பிடுச்சு.

மலை ரோடு... ஒவ்வொரு வளைவுலயும் தட்டும் கரண்டியும் கலகலங்குது. கட்டில்ல சாஞ்சு உக்காந்து, பிள்ளையை நெஞ்சோட நிமித்திப் புடிச்சுக்கிட்டு முதுகைத் தடவறா. கீழேருந்து மேல தடவி, ரெண்டு தட்டு. கீழேருந்து மேல, ரெண்டு தட்டு.

"என்னைப் பாரு செல்லம். அம்மாகூடச் சேர்ந்து இழு. மெதுவா விடு..."

பிப்பா உதடு நீலம் பாரிச்சுப்போச்சு. கழுத்துக் குழி உள்ள வாங்குது. கொஞ்ச நேரத்துல அந்த விசில் சத்தமும் குறைஞ்சுது. குறைஞ்சா நல்லதுன்னு நினைக்காதீங்க. காத்தே போகலேன்னு அர்த்தம். அது ரேவினுக்குத் தெரியும்.

அப்பத்தான் வண்டி நின்னுச்சு.

இஞ்சின் ஓடுது. மழை கூரையில அடிக்குது. பின்கதவுக்கு வெளியில நெவில் குரல்.

"ரே... இறங்கி வா. டார்ச்சை எடுத்துக்கோ. சீக்கிரம்."

மரம் விழுந்திருக்கும்னு நினைச்சா. பிள்ளைக்குத் தலகாணியை அண்டை குடுத்து உக்கார வெச்சா. "இதோ வந்துட்டேன் கண்ணு"ன்னா. தாழைத் தள்ளி, கதவைத் திறந்து, வெறுங்காலோட இறங்கினா.

யாரும் இல்ல.

"நெவ்?"

டார்ச்சை அடிச்சுப் பாக்கறா. மழைக் கோடுதான் தெரியுது. முன்னால போய்ப் பாக்கலாம்னு வண்டியை ஒட்டி ரெண்டு எட்டு வெச்சிருப்பா... பின்னால கதவு சாத்தற சத்தம். முன்னால மணி.

ட்ரிங்... ட்ரிங்.

கியர் விழுந்தது. வண்டி நகந்துடுச்சு.

பிப்பாவால எழுந்து நிக்கக்கூட முடியாது. நின்னாலும் அந்தப் பட்டன் எட்டாது.

ஓடினா பாருங்க... அப்படி ஒரு ஓட்டம். அது ஏத்தம். டல்சி முக்கி முனகித்தான் ஏறுது. ரேவின் எட்டிப் புடிச்சுட்டா! ஒரு கால் படியில, ஒரு கை கதவுப் புடியில. திறக்கப் போறா...

உள்ளேருந்து தாழ் போட்டாங்க. அவசரமே இல்லாம. கிறீச்... டக்.

"நெவ்! நிறுத்து நெவ்!" கையால குத்தறா, தலையால முட்டறா. இஞ்சின் சத்தத்துல எங்க கேக்கும்? பக்கத்துல இருந்த குட்டி ஜன்னல் வழியாப் பாத்தா. விளக்கு எரியுது. அவ உக்காந்திருந்த அதே இடத்துல... யாரோ உக்காந்திருக்காங்க. மூஞ்சி தெரியல, முதுகுதான். பிப்பாவை நெஞ்சோட நிமித்திப் புடிச்சிருக்கு. ஒரு கை பிள்ளை முதுகைத் தடவுது. கீழேருந்து மேல... ரெண்டு தட்டு.

இன்னொரு கை நீண்டு வந்து திரையை இழுத்துவிட்டுது.

ஜன்னல் இடுக்குல நனைஞ்ச கம்பளி வாசனை. அது மட்டும் இன்னும் மூக்கைவிட்டுப் போகலேன்னு டாரில்கிட்ட சொன்னாளாம்.

ஏத்தம் முடிஞ்சுது. வண்டி வேகம் எடுத்தது. கை நழுவி, முட்டி கிழிய ரோட்டுல விழுந்தா. சிவப்பு விளக்கு ரெண்டும் வளைவுல திரும்பிப் போயிடுச்சு.

எழுந்து ஓடினா. விழுந்தா. திரும்ப ஓடினா. டார்ச் எங்கயோ போச்சு. உள்ளங்கால் கிழிஞ்சுது தெரியல. கொஞ்ச நேரத்துல ஓட முடியல. நடு ரோட்டுல மண்டி போட்டு உக்காந்தா. சர்ச்சுக்குப் போற பழக்கம் இல்லாதவ அவ. யாரைக் கூப்பிடணும்னே தெரியல. கடைசியில... வண்டி போன திசையைப் பாத்துக் கத்தினாளாம்.

"நீ யாரா வேணா இரு! அவளை மூச்சு விட வை! நீயே வெச்சுக்கோ... அவ மூச்சு விட்டாப் போதும்!"

காடு கப்சிப்னு இருந்துச்சு. மழைகூட ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா.

விடியற நேரம் நண்டு, மீன் ஏத்திட்டு வந்த லாரிக்காரர் ஒருத்தர் பிரேக் போட்டு இறங்கினார். "என்னம்மா ஆச்சு? யாராவது அடிச்சுட்டாங்களா?" "என் பொண்ணு... என் பொண்ணு..." அவ்வளவுதான். அவர் தன் கோட்டைப் போத்திவிட்டு, நேரா வனாகாவுல டாக்டர் இருக்கற கிளினிக் வாசல்ல கொண்டுபோய் இறக்கினார்.

வாசல்ல நெவில். கையில காபி.

"எங்க போயிட்ட ரே? எவ்வளவு நேரமாத் தேடறேன்... என்ன கோலம் இது?"

"பிப்பா..."

"நல்லா இருக்கா. வர்றப்பவே மூச்சு திரும்பியிருந்துச்சாம், டாக்டரே சொன்னார். நீ பாத்துக்கிட்டதாலதான்னு..."

"நெவ், என்னை நடு ரோட்டுல விட்டுட்டு வந்துட்டே."

சிரிச்சான். அவ சிரிக்கல. அவன் சிரிப்பும் நின்னுச்சு.

"நீதானே மணி அடிச்சே. ஒரு தடவை அடிச்சே, நிறுத்தினேன். நான் இறங்கறதுக்குள்ள ரெண்டு தடவை அடிச்சே... கிளம்பிட்டேன்."

"நீ இறங்கவே இல்லையா? என்னைக் கூப்பிடல?"

"இல்லையே. இங்க வந்ததும் கதவைத் திறந்து பிள்ளையை நீதானே ரே என் கையில குடுத்தே?"

ரேவின் அவன் சட்டையைப் புடிச்சா.

"என் மூஞ்சியைப் பாத்தியா?"

"விளக்கு அணைஞ்சிருந்துச்சு... இருட்டு. கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்குன்னுகூடக் கேட்டேனே." அவன் குரல் இறங்கிப் போச்சு. "நீ பதில் சொல்லல. பிள்ளையை விடவும் இல்ல. நான்... இழுத்துத்தான் வாங்கினேன்."

ரெண்டு பேரும் உள்ள ஓடினாங்க.

கட்டில்ல பிப்பா சாஞ்சு உக்காந்திருக்கா. கன்னத்துல ரத்த ஓட்டம் வந்திருக்கு. கையில பாதி கடிச்ச டோஸ்ட். ரேவின் பாஞ்சு போய் அவளைக் கட்டிப் புடிச்சு, "கண்ணு, கண்ணு"ன்னு அழறா. பிள்ளை அசையல. மரக்கட்டை மாதிரி இருக்கு.

அப்புறம் மெதுவா ரேவினோட கையை எடுத்தது. புரட்டிப் பாத்தது. தன் கன்னத்துல வெச்சு... சூடா இருக்கான்னு பாத்தது. நிமிந்து மூஞ்சியை ரொம்ப நேரம் உத்துப் பாத்தது. அவ தோளுக்குப் பின்னால, வாசப்படியையும் ஒரு தடவை பாத்தது.

ரகசியம் மாதிரி கேட்டது:

"நீ எந்த அம்மா?"