மூணு மணி டிரிப்பு

— அப்போ ஒண்ணர வருஷமா ஊசி போட்டுக்கறேன், ஊசி போட்டுக்கறேன்னு சொல்லிட்டு எங்க போனீங்க?

— பீச்சுக்கு.

— மாசாமாசம் பீச்சுக்கா?

— ஆமா. காத்து வாங்கிட்டு வந்தேன். அதுக்கு இன்னா இப்போ?

இளம்பரிதி கண்ணாடியைப் பார்த்தபடியே காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்டுகிறவன். மூன்று மணி டிரிப்புக்குக் கிளம்புகிற நேரம். அவன் மனைவி துர்கா வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரம். இத்தனை வருஷமாகக் குரலை அடக்கியே சண்டை போட்டவள் இன்று அடக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் சுடர்விழி போன் செய்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்த இளம்பரிதிக்கு இரைப்பையைச் சிறிதாக்கி, குடலை மாற்றிப் பொருத்திய ஆஸ்பத்திரி அது. மாசாமாசம் போடுகிற சத்து ஊசிக்கும் வருவதில்லை, ரத்தப் பரிசோதனைக்கும் வருவதில்லை, நன்றாகத்தான் இருக்கிறாரா என்று அவள் விசாரித்தாள். துர்காவுக்குப் போன வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. மார்க்கெட்டில் அவன் செருப்பு ஒன்று கழன்று நடுரோட்டில் கிடந்தது. அது தெரியாமலே அவன் மீன்கடை வரைக்கும் நடந்துபோனான்.  அதைச் சொன்னதும் சுடர்விழி, அவர் இப்போதும் பஸ் ஓட்டுகிறாரா என்று கேட்டாள்.

— மாத்திரையையும் நிறுத்திட்டீங்களா?

— நிறுத்திட்டேன். சக்கர போயிடுச்சி, பிரஷர் போயிடுச்சி. ஒரு நோவும் இல்லாதவனுக்கு எதுக்குடி மாத்திர?

— அது நோவுக்கு இல்ல, சத்துக்கு. உசுரு இருக்கிற வரைக்கும் போடணும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னாங்க. நீங்களும்தான் தலையாட்டினீங்க.

— மீனு துன்றேன், முட்ட துன்றேன், முருங்கக்கீர துன்றேன். இதுக்கு மேல இன்னா சத்து?

நர்ஸ் சொன்னதையெல்லாம் துர்கா கொட்டினாள். பழைய வயிறாக இருந்தால் மீனும் முட்டையும் போதும். இப்போது சாப்பாடு போகிற பாதையே வேறு. பி-டுவெல்வ் சத்தைப் பிரித்துக்கொடுக்கிற வயிற்றையும், இரும்பையும் கால்சியத்தையும் உறிஞ்சுகிற முன்குடலையும் தொடாமலே அது தாண்டிப் போய்விடுகிறது. எத்தனை வஞ்சிரம் தின்றாலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். ஏற்கெனவே சேர்ந்திருந்த சத்து கரைந்ததும் நரம்பு கெட ஆரம்பிக்கும், முதலில் பாதத்தில். ரொம்பத் தள்ளிப்போட்டால் போன உணர்ச்சி முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

ஆபரேஷன் ஆன முதல் வருஷம் எல்லாம் அவள் கையில்தான் இருந்தது. சேர்த்துக் கொடுத்தால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்று இரும்பு மாத்திரையைக் காலையிலும், கால்சியத்தைச் சாப்பாட்டோடு தனியாகவும் கொடுத்தாள். நேரு வீதிப் புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்னதை நம்பினாள்.

— நர்ஸ் சொன்னா, டாக்டர் சொன்னா. நான் இன்னா சொல்றேன்னு என்னிக்காவது கேட்டியாடி? முன்னல்லாம் காலையில ஒரு கை மாத்திர, ராத்திரி ஒரு கை மாத்திர, நடுவுல இன்சுலின். மாத்திர டப்பாவே வேணாம்னுதான வயித்த வெட்ட ஒத்துக்கிட்டேன்? வெட்டி முடிச்சதும் நீ புதுசா ஒரு டப்பாவ வாங்கியாந்து வச்சே.

— அதுக்கு பொய் சொல்லுவீங்களா?

— உண்மைய சொன்னா விட்டுடுவியா? அன்னிலருந்து நான் ஒனக்கு புருஷன் இல்ல, பேஷண்ட். சோத்துல கைய வச்சா என் வாயயே பாப்பே.

— பாக்காம உட்டதுக்குத்தான் இப்போ அனுபவிக்கிறேன். கால்ல உணர்ச்சி இல்லாம அத்தினி கொழந்தைங்கள ஏத்திக்கினு போவப் போறீங்களா?

— என் காலு நல்லாத்தான் இருக்குது. வழிய விடு.

— நர்ஸ் சொன்ன மாதிரி ரெண்டு காலையும் சேத்து வச்சி, கண்ண மூடிட்டு நில்லுங்க. ஆடாம நின்னுட்டீங்கன்னா விடறேன்.

அவன் கண்ணை மூடவில்லை. கை மட்டும் மெல்லச் சுவரைத் தேடிப் பிடித்தது. துர்கா அதைப் பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்பது அவனுக்கும் தெரிந்தது. முகம் கறுத்துப்போயிற்று. அவள் போனை எடுத்தாள்.

— யாருக்குடி போடறே?

— ஸ்கூலுக்கு. அரிகிருஷ்ணன் சாருக்கு.

— போட்டீன்னா நான் இந்த வூட்டுல இருக்க மாட்டேன்.

— போங்க. நடக்க முடிஞ்சா போங்க.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் அழைப்பை நிறுத்தவில்லை. அவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அரிகிருஷ்ணன்தான் பள்ளிக்கூடத்து பஸ்களுக்கெல்லாம் பொறுப்பு.

— சார், நான் இளம்பரிதி சம்சாரம் பேசறேன். அவருக்கு காலு சரியில்ல. இன்னிக்கி மூணு மணி டிரிப்புக்கு அவர வண்டியில ஏத்தாதீங்க.

— அவரு எங்கம்மா வரப் போறாரு? காலையிலியே சாவிய என் டேபிள்ல வச்சிட்டு, இனிமே வண்டியத் தொடமாட்டேன்னு போயிட்டாரே. ஏன்னு கேட்டேன், வாயத் தொறக்கல. வூட்டுல ஏதும் பிரச்சனையாம்மா?

அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி துர்கா போனை வைத்தாள். இளம்பரிதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

— அப்புறம் எதுக்கு இந்தச் சட்ட? எங்க கெளம்பினீங்க?

— எங்கியாவது போயி, டிரிப்பு முடியற நேரத்துக்கு வந்துடலாம்னு இருந்தேன்.

— இவ்ளோ நேரம் என்கிட்ட எதுக்கு கத்தினீங்க?

— நீ ஜெயிச்சிட்டேன்னு என் வாயால சொல்ல மனசு வரல.

— காலையில இன்னா ஆச்சி?

— ஸ்கூல் கேட்டாண்ட பசங்க எறங்கிக்கினு இருந்தாங்க. வண்டி நவுந்துச்சி. ஹேண்ட் பிரேக்க இழுத்து நிறுத்திட்டேன், ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா அதுவரைக்கும் நான் பிரேக்க மிதிச்சிக்கினுதான் இருக்கேன்னு நெனச்சேன், துர்கா. குனிஞ்சி பாத்தா, காலு பிரேக்குலயே இல்ல.