ஜன்னலோரம் அம்மா: பத்துப் படங்கள்

அந்த நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள், சார். ஒரு கால் ஆடும். போன வருடம் தேர்வாளராக வந்தவர் அதில் உட்கார்ந்து தடாலென்று சாய்ந்தார். பாவம், நல்ல மனிதர், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு எல்லோருக்கும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். மேடம், நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். இங்கிருந்து பார்த்தால் பத்துப் படங்களும் ஒரே வரிசையில் தெரியும்.

படத்துக்குப் பாதி மதிப்பெண், அதை எப்படி எடுத்தோம் என்று நின்று சொல்வதற்கு மீதிப் பாதி. டிராயிங் மிஸ் தலைப்பாடாகச் சொல்லியிருக்கிறார்: எதையும் ஒளிக்கக் கூடாது, எதையும் பூசி மெழுகக் கூடாது. மற்ற பிள்ளைகள் இந்தப் பகுதி என்றாலே ஓடி ஒளிவார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். வீட்டில் என் பெயரே வாயாடி.

இந்த வருடம் எங்கள் வகுப்பு முழுவதற்கும் ஒரே தலைப்பு: காத்திருப்பு. பக்கத்துத் தடுப்பில் நெட்டையன் ஒரு வாழைப்பழம் அழுகுவதைப் பத்துப் படமாக எடுத்து மாட்டியிருக்கிறான். அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஆறாவது படத்தில் தோலின் மேல் விழுகிற வெளிச்சம் பிரமாதம். எனக்கு வாழைப்பழம் வேண்டாம், மனிதர்தான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இருக்கிற மனிதர் அம்மா ஒருத்திதான்.

அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் கட்டுகிற பிரிவில் இருக்கிறாள். விடியற்காலையில் போனால் மதியத்துக்கு மேல் திரும்பிவிடுவாள். எங்கள் வீடு இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. கீழே தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். மாலையில் அந்த ஜன்னலில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதை வீணாக்கினால் பாவம்.

முதலில் நேர்வழியில்தான் போனேன். "அம்மா, யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி உக்காரு" என்றேன். அம்மா உள்ளே போய் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, தலையை வாரி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து மோவாயில் கை வைத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் படத்தைப் பார்த்து மிஸ்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க அம்மா எங்கடி காத்திருக்காங்க? போட்டோவுக்குல்ல உக்காந்திருக்காங்க" என்றார்.

அதே வாரம்தான் மேசையில் பொருள்களை அடுக்கி வைத்து வரைகிற வகுப்பு. ஒரு ஜாடி, மூன்று ஆப்பிள், மடித்த துணி, ஒரு கரண்டி. எவ்வளவு மாற்றி வைத்தாலும் எனக்குச் சரியாக அமையவில்லை. இன்னொரு ஆப்பிள் கேட்டேன். மிஸ் என் பின்னால் வந்து நின்று, "அமையலேன்னா எதையும் சேக்காதே. ஒண்ணை மட்டும் எடுத்துடு. எடுத்துட்டு என்ன ஆகுதுன்னு பொறுமையா பாரு" என்றார். கரண்டியை எடுத்தேன். அட, மேசையே மூச்சு விட்டது போல ஆகிவிட்டது. இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய பாடம் அதுதான். மிஸ்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும், வெளியேதான் நிற்கிறார்.

அன்று வீட்டுக்குப் போய் எங்கள் சமையலறையை அந்தக் கண்ணால் பார்த்தேன். அடுப்பு, மேசை, ஜன்னல், அம்மா, அம்மாவின் காதில் போன். போனில் அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தங்கமான பிள்ளை, என் மேல் உயிர். தினமும் மாலையில் வேலைக்கு நடுவில் அம்மாவைக் கூப்பிடுவான். அந்த ஒரு மணி நேரம் அம்மா காலில் சக்கரம் கட்டியது போல வீடெங்கும் சுற்றுவாள். "சாப்டியாடா? கையில சுட்டுக்கிட்டியே, ஆறிடுச்சா? தலையணை மாத்தினியா?" நான் வரைந்ததைக் கொண்டுபோய் நீட்டினால், "அழகா இருக்குடி" என்று சொல்லிவிட்டு, "உன்ன இல்லடா, உன் தங்கச்சிகிட்ட சொன்னேன்" என்று அவனிடம் பேச்சைத் தொடருவாள். அதில் எனக்கு வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. படத்தின் கம்போசிஷன்தான் அமையவில்லை. ஓர் இடத்தில் நிற்காத ஆளை எப்படிப் படம் எடுப்பது?

ஆகவே அந்தப் போனை எடுத்துவிட்டேன். கருவியைச் சொல்லவில்லை, அதை எடுத்தால் தேட ஆரம்பித்துவிடுவாள். அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வராதபடி அம்மாவின் போனில் தடுத்து வைத்தேன். அவளாகக் கூப்பிட்டால்? சேமித்திருந்த எண்ணில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினேன். முதலில் மாற்றிய எண்ணில் ஒரு தாத்தா எடுத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அடுத்ததில் 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வந்தது. அது போதுமானதாக இருந்தது.

முதல் படத்தைப் பாருங்கள். மறுநாள் எடுத்தது. அம்மா போனை மேசை மேல் வைத்து அதையே பார்க்கிறாள். பவுடர் இல்லை, கையில் கூடப் பாதி உரித்த வெங்காயம். மிஸ் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படிடி புடிச்சே இதை?" என்றார். "நீங்க சொன்னதைத்தான் மிஸ் செஞ்சேன்" என்றேன். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.

அண்ணனைச் சமாளிப்பது சுலபம். அம்மா எடுக்கவில்லை என்றதும் என்னைக் கூப்பிட்டான். விடுமுறைக்கு வராததில் அம்மாவுக்குக் கோபம், கொஞ்ச நாள் விட்டுப் பிடி என்றேன். "அவ்ளோ கோபமா? லீவு குடுக்கலன்னு சொன்னேனே குட்டி" என்றான். "எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா மனசு ஆற வேண்டாமா?" என்றேன். என் வாய்க்கு அதெல்லாம் ஒரு வேலையா?

அம்மாவிடம்தான் கவனம் வேண்டியிருந்தது. ஒரு படத்தில் எல்லாமே கறுப்பாக இருந்தால் எதுவும் தெரியாது, எல்லாமே வெளுத்தாலும் தெரியாது. நடுவிலிருக்கிற சாம்பல்கள்தான் படம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அம்மா ரொம்பப் பயந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விடுவாள். ரொம்ப ஆறுதல் சொன்னால் ஜன்னலுக்கு வர மாட்டாள். அதனால் அளந்து கொடுத்தேன். "ஹோட்டலுக்குப் போன் பண்ணேம்மா. நல்லா இருக்கானாம். புது மேனேஜராம், வேலை நெட்டி முறிக்குதாம்."

"என்கிட்ட ரெண்டு வார்த்தை பேச நேரமில்லையாமா?"

"அதை நான் கேக்கலையேம்மா."

நான்காவது படம் அந்தப் பதிலுக்குப் பிறகு எடுத்தது. மேடம் அதன் முன்னால்தான் நிற்கிறீர்கள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது பாருங்கள், அதை யாரும் நடிக்க முடியாது.

அப்புறம் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். போன் பேச நேரமில்லாத பிள்ளை திடீரென்று நேரில் வந்து நிற்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் ஊர் பஸ் மாலையில்தான் வரும். வேலையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு ஜன்னலில் உட்கார ஆரம்பித்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளாகவே வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தாள். அதைத்தான் அதிர்ஷ்டம் என்பார்கள்.

ஒரே ஒரு தொல்லை, அவள் மூக்குக் கண்ணாடி. மேற்கு வெயில் அதில் பட்டுக் கண் இருக்கிற இடத்தில் இரண்டு வெள்ளைத் தட்டு மாதிரி விழுந்தது. அது இல்லாவிட்டால் அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. என்ன செய்வது, அதையும் எடுத்து என் பெயின்ட் டப்பாவுக்குள் வைத்தேன். "எங்க வெச்சேன்னே தெரியலையேடி" என்று வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். நானும் கூடவே கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். ரெண்டு பேருக்கும் தும்மல் வந்து, தும்மித் தும்மிச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏழாவது படத்திலிருந்து அவள் கண் எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது பாருங்கள்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள், சார். அம்மா கஷ்டப்பட்டாள் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. அந்த நாள்களில்தான் எங்கள் வீடு கலகலப்பாக இருந்தது. மாலை முழுக்க அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டும், நான்தான் இருந்தேன். என் வகுப்பில் யார் யார், மிஸ் என்ன சொன்னார், பென்சிலில் ஏன் இத்தனை வகை, எல்லாம் கேட்டாள். என் படங்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் என் தலையைத் தடவி, "நீயாவது என்கூட இருக்கியே" என்றாள். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? இன்றைக்குக்கூட வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் படம் பார்க்க வந்திருக்கிறாள். என் பள்ளிக்கூடத்துக்கு அம்மா விடுப்புப் போட்டு வருவது இதுதான் முதல் தடவை. வராந்தாவில் நெட்டையனின் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள், குரல் கேட்கிறது பாருங்கள்.

எதையும் ஒளிக்கக் கூடாது என்பதால் போன ஞாயிற்றுக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று அம்மாவும் நானும் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் நெட்டையனின் வாழைப்பழத்தை அவன் பாட்டி தெரியாமல் குப்பையில் போட்டுவிட்ட கதையைச் சொல்ல, அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. அப்போது என் போனில் அண்ணனிடமிருந்து செய்தி. 'குட்டி, எதிர்த்த பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன். கப்பல்ல சமையல் வேலை கிடைச்சிருக்கு. நாளைக்கு ஏறணும், ஏறினா ஒரு வருஷம். அம்மாவ அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன். மேல வரட்டுமா?'

எட்டிப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தான். இளைத்திருந்தான். தோளில் ஒரு பெரிய பை.

அம்மாவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய், அங்க ஒருத்தர் நிக்கிறாரு பாரு. நிக்கிற வாட்டம் அப்படியே நம்ம பையன் மாதிரி இல்ல?"

"யாரோ பஸ்ஸுக்கு நிக்கிறாரும்மா."

அம்மா கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். "சரிதான். அவனா இருந்தா அங்க ஏன் நிக்கப் போறான்? ரெண்டு ரெண்டு படியா தாவி மேல வந்திருக்க மாட்டான்?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டீயை எடுத்தாள்.

நான் அண்ணனுக்கு எழுதினேன். 'வேணாம்ண்ணா. அம்மா உன்ன ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுதான் இருக்காங்க. பாத்தும் பேசாம உக்காந்திருக்காங்க.' ஒரு வார்த்தை பொய் இல்லை அதில். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கையை மேலே தூக்கி ஆட்டினான். அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான், அப்புறம் இறக்கிக்கொண்டான். பஸ் வந்தது, போனபோது நிறுத்தத்தில் ஆள் இல்லை. "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள் அம்மா.

எல்லாம் படத்துக்காகச் செய்ததுதான், சார். அண்ணன் கப்பலிலிருந்து வந்ததும் அவனிடமும் விளக்கிச் சொல்லிவிடுவேன். கலை என்றால் அவனுக்குப் புரியும்.

மேடம் வரிசையை மறுபடி முதலிலிருந்து பார்க்கிறீர்கள். பஸ் நிறுத்தத்தில் அண்ணன் நிற்பதை அம்மா பார்க்கிற படம் இதில் எது என்று கேட்கிறீர்கள்.

இதில் இல்லை, மேடம். போனில் எடுத்தால் ஏற்க மாட்டீர்கள், பள்ளிக்கூடத்துக் கேமராவில்தான் எடுக்க வேண்டும். பத்துப் படமும் முடிந்துவிட்டதால் கேமராவை அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.