தூங்குமூஞ்சி சுவாசித்த காற்று

தூங்குகிறவனை எழுப்புவது எனக்கு எப்போதுமே பிடிக்காது, ஐயா. பாவம், என்ன கனவு கண்டுகொண்டிருக்கிறானோ என்று தோன்றும். தொழிற்சாலையில் இத்தனை வருடம் மேற்பார்வையாளனாக இருந்தும் தூங்குமூஞ்சியை நான் ஒருநாளும் எழுப்பியதில்லை. பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவன் தூங்குமூஞ்சி. காலையில் கார்டு அடிப்பான், கேன்டீனுக்குப் பின்னால் மரத்தடியில் போய்ப் படுப்பான், சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவான்.

நாங்கள் செய்வது கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை அளவுக்கு அறுக்கும் கொட்டகை மாவு மில் மாதிரி இருக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாப்பாடு பிரமாதம்.

வருடத்துக்கு ஒருமுறை காற்றை அளக்க ஆள் வருவார். கைக்கு அடக்கமான ஒரு கருவி. அறுக்கிற ஆளின் இடுப்பில் அதை மாட்டி, குழாயைச் சட்டைக் காலரில் செருகிவிட வேண்டும். நாள் முழுவதும் அவன் எதைச் சுவாசிக்கிறானோ அதையே கருவியும் சுவாசிக்கும். வந்தவருக்கு வெக்கையும் ஆகாது, தூசியும் ஆகாது. "நீங்களே ஒரு நல்ல ஆளாப் பாத்து மாட்டிவிடுங்க சார்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டார். நல்ல ஆள் என்றதும் எனக்கு ஒருவன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"இத மாட்டிக்கிட்டு நான் என்ன சார் பண்ணணும்?" தூங்குமூஞ்சி மிரண்டுபோனான்.

"தினமும் என்ன பண்ணுவியோ அதையே பண்ணு."

கடமை தவறாமல் தூங்கினான். முடிவு வந்தது. எங்கள் கொட்டகையில் அடிக்கும் காற்றிடம் மலைப்பிரதேசமே பிச்சை வாங்க வேண்டும். முதலாளி என் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்தது. அதன்பிறகு எல்லா வருடமும் கருவி அவனுக்குத்தான்.

காற்றே சுத்தம் என்று ஆனபின், தொழிலாளிகள் உடுப்பை மாற்றவும் அங்கேயே துவைக்கவும் தனி அறை எதற்கு? அதை மூடி என் அறையாக்கிக்கொண்டேன். நல்ல பெரிய ஜன்னல். அவர்கள் போட்ட துணியோடு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் என் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். தங்கை சுத்தம் பார்க்கிறவள். அவர் வந்து நின்றதும் சட்டையைக் கழற்றி வாங்கி, பின்பக்கம் போய் நாலு உதறு உதறித்தான் தண்ணீரில் முக்குவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் போனபோது புருவமெல்லாம் வெள்ளையாக நின்றாள்.

"பாத்தியாண்ணா, இவருக்கு முன்னாடி நான் கிழவியாயிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். உதறாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், பதில் வாங்காமல் விடமாட்டாள். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மாப்பிள்ளை இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறார். அவளுக்குத்தான் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்று. ஆஸ்பெஸ்டாஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அந்த ஃபேக்டரி வாசலைக்கூட மிதிச்சதில்லையேண்ணா. எனக்கு எப்படி வந்துச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை ஐயா, நிஜமாகவே அழுதேன்.

அதற்கப்புறமும் போன மாதம் கருவி வந்தது. அதையும் தூங்குமூஞ்சிக்குத்தான் மாட்டினேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் சுத்தமாக இருந்த காற்று திடீரென்று கெட்டுப்போனால் கொட்டகையை இழுத்து மூடுவார்கள். மாப்பிள்ளையின் வேலை போய்விடும். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார்? கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன அண்ணன்? கொட்டகையில் மற்றவர்கள் இன்னும் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா.

எழுதிக்கொள்ளுங்கள். கருவியை மாட்டியவன் நான், அறையை மூடியவன் நான், எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், இது என் தங்கை காதுக்கு மட்டும் போக வேண்டாம். மூச்சு வாங்கினாலும் என்னைப் பார்த்தால் இன்னும் எழுந்து உட்காரப் பார்க்கிறாள். இதையெல்லாம் கேட்டு மனசைப் போட்டு அலட்டிக்கொண்டால் அவள் உடம்புக்கு ஆகாது.